பத்துக் காய் உடைத்து ஒரு லோடைத் தள்ளலாமா?



நம் தொழிலில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. "நூற்றுக்கு இவ்வளவுக்கு மேல் கழிவு வராது, நம்பி வாங்குங்கள்" என்பார் சரக்கு அனுப்புகிறவர். "பத்துக் கடைக்கு எட்டுக் கடையில் எங்கள் அப்பளம்தான் ஓடுகிறது" என்பார் விற்பனைப் பிரதிநிதி. நாம் கையைவிட்டு நாலு எடுத்துப் பார்த்துவிட்டு, "சரி" என்றோ "சரியில்லை" என்றோ சொல்லிவிடுகிறோம். அந்த நாலைக் கொண்டு மொத்தச் சரக்கையும் எடை போட நமக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப்போகிறேன். கல்லூரியில் இதற்கு விகிதத்துக்கான கருதுகோள் சோதனை என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். கூட்டல், பெருக்கல், ஒரே ஒரு வர்க்கமூலம். கையில் இருக்கும் செல்போனே அதைப் போட்டுக் கொடுத்துவிடும்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். 1996-ல் நடந்தது. அப்போது எனக்குப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் வாரம் ஒரு லோடு தேங்காய் அனுப்பிக்கொண்டிருந்தார். தரம் பிரிக்காத காய். அதனால் விலை குறைவு. அழுகல், இளசு, வறட்டுக்காய், முளை கண்டது எல்லாம் சேர்த்து நூற்றுக்குப் பத்துக்கு மேல் கழிவு வராது என்பது அவர் வாக்கு. நாலு வருடமாக அந்த வாக்கில்தான் வியாபாரம் நடந்தது. ஒரு நாள் லோடு இறங்கும்போது, எனக்கு அன்றைக்கு வேறு ஏதோ கோபம் இருந்தது, பத்துக் காயை எடுத்து உடைக்கச் சொன்னேன். மூன்று கழிவு. "பத்துக்கு மூன்று என்றால் நூற்றுக்கு முப்பது. என்னை ஏமாற்றுகிறீர்கள்" என்று டிரைவர், கூலியாட்கள் எல்லோர் முன்னிலையிலும் போனில் கத்தினேன். "அண்ணாச்சி, பத்தை வைத்துச் சொல்லாதீர்கள், இன்னும் கொஞ்சம் உடைத்துப் பாருங்கள்" என்று அவர் கெஞ்சினார். நான் கேட்கவில்லை. லோடை அப்படியே வேறொரு மண்டிக்குத் திருப்பிவிட்டார். அதை வாங்கியவர் பின்னால் ஒரு கல்யாண வீட்டில் என்னிடம், "உங்கள் லோடில் நூற்றுக்கு ஒன்பது, பத்துதான் போயிற்று, நல்ல காய்" என்றார். பொள்ளாச்சிக்காரர் அதன்பிறகு எனக்குச் சரக்கு அனுப்பவில்லை. அவர் விலைக்கு வேறு ஆள் கிடைக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

இதைச் சென்ற வருடம் வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். என் பேத்தி பி.காம். படிக்கிறாள். அவளுக்குப் புள்ளியியல் ஒரு பாடம். "தாத்தா, அவர் உண்மை சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பத்தில் மூன்று வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்தீர்களா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை. யார் பார்க்கிறோம்?

அவள் போட்டுக் காட்டிய கணக்கு இது. கழிவு நூற்றுக்குப் பத்து என்றால் ஒரு காய் நல்ல காயாக இருக்க வாய்ப்பு 0.9. பத்துக் காயும் நல்லதாக இருக்க, 0.9-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். 0.349 வரும். அதாவது நூறு தடவை பத்துப் பத்தாக எடுத்தால், 35 தடவைதான் கழிவே இல்லாமல் வரும். ஒரு கழிவு வருவது 39 தடவை. இரண்டு கழிவு வருவது 19 தடவை. மூன்றும் சேர்ந்தால் 93. மீதி 7 தடவை, நேர்மையான லோடிலேயே, மூன்றோ அதற்கு மேலோ கழிவு வந்து நிற்கும். வாரம் ஒரு லோடு என்றால் வருடத்துக்கு 52 லோடு. என் வழக்கப்படி பத்துக் காய் உடைத்து மூன்று வந்தால் கத்துவது என்று வைத்திருந்தால், ஒரு தப்பும் செய்யாத மனிதரை வருடத்துக்கு மூன்று நாலு முறை திருடன் என்று சொல்லியிருப்பேன்.

நம்பிக்கை வராதவர்கள் கடையிலேயே செய்து பார்க்கலாம். வெள்ளைக் காராமணி தொள்ளாயிரம், அதே பருமனில் சிவப்புக் காராமணி நூறு எண்ணி ஒரு வாளியில் கொட்டிக் கலக்குங்கள். எண்ணுவதற்குச் சலிப்பாக இருந்தால் நானூற்றைம்பதும் ஐம்பதும் போதும். கண்ணை மூடிக்கொண்டு பத்து எடுங்கள், சிவப்பை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்பப் போட்டுக் கலக்குங்கள். நானும் கடைப் பையனும் மத்தியான வேளையில் ஐம்பது முறை எடுத்தோம். நாலு முறை மூன்றோ அதற்கு மேலோ சிவப்பு வந்தது. வாளிக்குள் இருப்பது நூற்றுக்குப் பத்து என்று எங்களுக்குத் தெரியும், நாங்கள்தானே எண்ணிப் போட்டோம். அப்படியும் கை நம்மை ஏமாற்றுகிறது.

இனிப் பாடத்துக்கு வருவோம். சோதனையை எதிராளி சொன்னது சரி என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். "கழிவு நூற்றுக்குப் பத்துதான்" என்பது நாம் சோதிக்கும் வாக்கு. பாடப் புத்தகத்தில் இதை இன்மைக் கருதுகோள் என்கிறார்கள். "பத்துக்கு மேல்" என்ற நம் சந்தேகம் மாற்றுக் கருதுகோள். கோர்ட்டில் குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்கிறார்களே, அதே முறைதான். வாக்கு சரியாக இருந்தால் இப்படி ஒரு விளைவு வருவது மிக அபூர்வம் என்று காட்ட முடிந்தால் மட்டுமே வாக்கைத் தள்ளலாம்.

"மிக அபூர்வம்" என்றால் எவ்வளவு? இருபதில் ஒன்றுக்குக் குறைவு என்பது வழக்கம். இங்கிலாந்தைச் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் 1925-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த அளவு வசதியானது என்று எழுதினார். அது அப்படியே நிலைத்துவிட்டது. வானத்திலிருந்து இறங்கிய எண் அல்ல. மாட்டிக்கொண்டால் பெரிய நஷ்டம் என்கிற இடத்தில் நூற்றில் ஒன்று என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எதை வைத்தாலும் காயை உடைப்பதற்கு முன்னாலேயே வைத்துவிட வேண்டும். உடைத்துப் பார்த்த பிறகு எல்லை வைப்பது, எடை போட்ட பிறகு படிக்கல்லை மாற்றுகிற மாதிரி.

இப்போது நூறு காய் உடைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்குப்படி வரவேண்டிய கழிவு 10. ஆனால் சரியாகப் பத்தே வராது. கொஞ்சம் கூடும், குறையும். எவ்வளவு கூடக் குறைய வருவது இயல்பு என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. காயின் எண்ணிக்கையை, கழிவு விகிதத்தால் பெருக்கி, நல்ல காய் விகிதத்தாலும் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 100 பெருக்கல் 0.1 பெருக்கல் 0.9 என்றால் 9. அதன் வர்க்கமூலம் 3. இதற்குத் திட்ட விலக்கம் என்று பெயர். வரவேண்டியதோடு இந்த மூன்றைப் போல இரண்டு பங்கு கூட்டினால் 16. பதினாறு அல்லது அதற்கு மேல் கழிவு வந்தால் வாக்கைத் தள்ளலாம். பதினைந்துவரை தள்ளக்கூடாது.

கல்லூரியில் படித்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். அதிகமாக இருக்கிறதா என்று ஒரு பக்கம் மட்டும் பார்க்கும்போது இரண்டு பங்கு வேண்டாமே, 1.645 பங்கு போதுமே, அப்படிப் போட்டால் எல்லை 14.9 ஆகி 15-லேயே தள்ளலாமே என்பார்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் தேங்காய் முழுசு முழுசாக வருகிற பொருள். ஒன்றொன்றாகக் கூட்டி நேரடியாகக் கணக்கிட்டால், நேர்மையான லோடில் 15-ம் அதற்கு மேலும் வர நூற்றுக்கு 7 வாய்ப்பு இருக்கிறது. 16-ம் மேலும் என்றால் 4. ஆகவே நம் இருபதில் ஒன்று என்ற எல்லைக்குள் நிற்பது பதினாறுதான். இரண்டு பங்கு என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது, பத்திரமும்கூட.

சென்ற ஐப்பசியில் வந்த ஒரு லோடில் நூறு உடைத்தோம். 17 கழிவு. வரவேண்டியதைவிட 7 அதிகம். ஏழை மூன்றால் வகுத்தால் 2.33 பங்கு. நேரடிக் கணக்கில், வாக்கு உண்மையானால் இப்படி வருவது நூற்றுக்கு இரண்டு முறை. இந்தத் தடவை நான் கத்தவில்லை. போனில் கூப்பிட்டு, "தம்பி, நூறு உடைத்தேன், பதினேழு வந்தது, பதினாறு வந்தாலே பேசுவோம் என்று முன்பே பேசியிருக்கிறோம்" என்றேன். அவர் மழையில் நனைந்த காய் கலந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு விலையில் குறைத்துக்கொண்டார். லோடு திரும்பவில்லை. உடைத்த நல்ல காயைக் கொப்பரைக்குக் காயப்போட்டேன். சோதனைச் செலவு பெரிதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த வர்க்கமூலக் கணக்கைப் பத்துக் காய்க்குப் போட்டுப் பாருங்கள். வரவேண்டியது 1, திட்ட விலக்கம் 0.95. இரண்டு பங்கு கூட்டினால் 2.9. அதாவது மூன்று வந்தால் தள்ளு என்று வரும். 1996-ல் நான் செய்தது சரி என்று இந்தச் சூத்திரமே சாட்சி சொல்லும்! அது பொய்ச் சாட்சி. மேலே ஒன்றொன்றாகக் கூட்டிப் பார்த்தோமே, நூற்றுக்கு ஏழு என்று. எடுக்கும் சரக்கு சிறிதாக இருந்தால் சூத்திரம் பொருந்தாது. வரவேண்டிய கழிவும் பத்துக்குக் குறையாமல், வரவேண்டிய நல்லதும் பத்துக்குக் குறையாமல் இருக்கும்படி எடுத்தால்தான் இந்தக் குறுக்கு வழியில் போகலாம். சில புத்தகங்களில் ஐந்து போதும் என்று இருக்கும். நான் பத்தை விடுவதில்லை. பத்துக் காய்தான் உடைக்க முடியும் என்றால், நாலு கழிவு வந்தால்தான் பேச வேண்டும். இருபது உடைத்தால் ஐந்து. ஐம்பது உடைத்தால் பத்து. இவையெல்லாம் நேரடியாகக் கூட்டிப் பார்த்த எல்லைகள், நூற்றுக்குப் பத்து என்ற வாக்குக்கு மட்டும்.

கணக்கைவிட முக்கியம், காயை எப்படி எடுக்கிறோம் என்பது. லோடின் மேலடுக்கிலிருந்து எடுத்தால் நல்லதாகவே இருக்கும். யார்தான் கெட்டதை மேலே வைப்பார்கள்? அடியில் ஈரம் பிடித்த மூலையிலிருந்து எடுத்தால் கெட்டதாகவே இருக்கும். கையில் எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்துத் தண்ணீர்ச் சத்தம் இல்லாததாகப் பொறுக்கிச் சோதனைக்கு வைத்தால் அது சோதனையே இல்லை. எங்கள் மண்டியில் இப்போது ஒரு வழி வைத்திருக்கிறோம். காய் எண்ணி இறக்கும்போது நூறுக்கு ஒரு குறி போடுகிறோம் அல்லவா, ஒவ்வொரு நூறிலும் ஒரு காய், அதுவும் எத்தனையாவது காய் என்று காலையிலேயே சீட்டுக் குலுக்கி எடுத்த எண்ணின்படி, தனியாகப் போகும். பத்தாயிரம் காய் லோடில் நூறு காய் தானாகச் சேர்ந்துவிடும். மேல், நடு, அடி எல்லாம் அதில் வந்துவிடும். எண்ணுகிற ஆள் பார்த்துப் பொறுக்கவும் முடியாது.

சில்லறைக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் வீட்டில் உடைத்து, அழுகல் என்று திருப்பிக் கொண்டுவரும் மூடிகளை வைத்து மண்டிக்காரரிடம் சண்டைக்கு வராதீர்கள். சிலர் ஒரு காய்க்காக மெனக்கெட்டு வரமாட்டார்கள். சிலர் வேறு கடையில் வாங்கியதையும் உங்களிடம் கொண்டுவருவார்கள். அது எண்ணிக்கையாகக் கணக்கில் இருக்கட்டும். சோதனைக்கு அது ஆகாது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். இருபது உடைக்கிறது, எல்லை தாண்டவில்லை என்றால் இன்னும் பத்து உடைக்கிறது, அதுவும் தாண்டவில்லை என்றால் இன்னும் பத்து. வேண்டிய விடை வரும்வரை உடைத்துக்கொண்டே போனால் எப்போதாவது வந்துதான் தீரும். எத்தனை உடைப்பது என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். அதேபோல இருபது பேரிடம் சரக்கு வாங்கி இருபது பேரையும் இதே எல்லையில் சோதித்தால், எல்லோரும் யோக்கியர்களாக இருந்தாலும் ஒருவர் மாட்டிக்கொள்வது சகஜம். அவரைத் தள்ளுமுன் அடுத்த லோடையும் பார்த்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்லவரைத் தவறாகத் தள்ளுகிற பிழையைப் பற்றி. இதை முதல் வகைப் பிழை என்பார்கள். மறுபக்கம் ஒன்று இருக்கிறது. கெட்ட லோடை நல்லது என்று ஏற்றுக்கொள்வது. அது இரண்டாம் வகைப் பிழை. இந்த இரண்டையும் சேர்த்து எடை போட வேண்டும் என்று ஜெர்சி நெய்மன், ஈகான் பியர்சன் என்ற இருவர் 1933-ல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார்கள். நம் தொழிலில் முதல் வகைப் பிழையால் ஆளை இழக்கிறோம், இரண்டாம் வகைப் பிழையால் பணத்தை இழக்கிறோம்.

ஆகவே நூறு உடைத்து 13 வந்தது, எல்லைக்குள் இருக்கிறது என்றால், "கழிவு நூற்றுக்குப் பத்துதான் என்று நிரூபணம் ஆகிவிட்டது" என்று சொல்லக் கூடாது. தள்ளப் போதுமான ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். உண்மையில் கழிவு நூற்றுக்கு 15 இருக்கிற லோடு, நூறு காய்ச் சோதனையில் பாதிக்கு மேற்பட்ட தடவை தப்பித்துவிடும். நூற்றுக்கு 20 இருக்கிற மோசமான லோடுகூட எட்டுத் தடவைக்கு ஒரு தடவை தப்பிக்கும். இது எனக்கே முதலில் கசப்பாகத்தான் இருந்தது. நூறு காய் உடைப்பது பெரிய சோதனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூர்மை வேண்டும் என்றால் நானூறு உடைக்க வேண்டும். வரவேண்டியது 40, திட்ட விலக்கம் 6, எல்லை 52. நூற்றுக்கு என்று பார்த்தால் 13. நூறு காயில் 15 வரை பொறுத்த நாம், இங்கே 13-லேயே பேசலாம். நூற்றுக்கு 15 கழிவுள்ள லோடு இப்போது எட்டொன்பது தடவைக்கு ஒரு தடவைதான் தப்பும். ஆனால் கவனியுங்கள், காய் நாலு மடங்கு ஆனதற்குத் துல்லியம் இரண்டு மடங்குதான் ஆயிற்று. வர்க்கமூலம் இருப்பதால் வருகிற வினை இது. பழைய ஆளிடமிருந்து வரும் வழக்கமான லோடுக்கு நூறு போதும் என்பது என் அபிப்பிராயம். புது ஆள், முதல் லோடு, முன்பணம் பெரிதாகக் கொடுத்திருக்கிறோம் என்றால் நானூறு உடைக்கத் தயங்க வேண்டாம்.

அப்பளக்காரருக்கும் இதே கணக்குத்தான், திசை மட்டும் மாறும். "பத்துக் கடைக்கு எட்டுக் கடையில் ஓடுகிறது" என்றார். அவர் காட்டிய கடைகளை விட்டுவிட்டு, சங்க உறுப்பினர் பட்டியலில் சீட்டுக் குலுக்கி ஐம்பது கடையைக் கேட்டோம். 33 கடையில் இருந்தது. வாக்குப்படி 40 இருக்க வேண்டும். 50 பெருக்கல் 0.8 பெருக்கல் 0.2 என்றால் 8. வர்க்கமூலம் 2.83. குறைவு 7. வகுத்தால் ஏறக்குறைய இரண்டரைப் பங்கு. பேச்சு மிகை என்று ஆயிற்று. அதற்காக அப்பளம் மோசம் என்று அர்த்தமில்லை. ஐம்பதில் முப்பத்து மூன்று கடை என்பதும் நல்ல ஓட்டம்தான். நான் கேட்ட பெட்டியில் பாதி எடுத்தேன்.

விகிதத்தைச் சோதிப்பது புதிய கலை அல்ல. லண்டனில் 1629 முதல் 82 வருடங்களின் ஞானஸ்நானப் பதிவுகளை ஜான் ஆர்பத்நாட் என்ற மருத்துவர் 1710-ல் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு வருடமும் ஆண் குழந்தைகளே அதிகம். ஆணும் பெண்ணும் சமவாய்ப்பு என்றால் 82 வருடமும் ஒரே பக்கம் சாய்வது, நாணயத்தை 82 முறை சுண்டி எல்லாமே தலை விழுவது போல. ஆகவே சமவாய்ப்பு என்ற எண்ணத்தைத் தள்ளினார். தேங்காயும் இல்லை, சூத்திரமும் இல்லை, வழி மட்டும் இதேதான்.

வேறு சரக்குக்காரர்களுக்காக இரண்டு எல்லைகளைப் போட்டுத் தருகிறேன். வாக்கு நூற்றுக்கு ஐந்து என்றால் 200 எடுங்கள். வரவேண்டியது 10, திட்ட விலக்கம் 3.08, பதினேழு வந்தால் பேசலாம். வாக்கு நூற்றுக்கு இரண்டு என்றால் 500 எடுக்க வேண்டும். அங்கேயும் வரவேண்டியது 10-தான், எல்லை அதே பதினேழு. முட்டைக்காரர்களுக்கும், கண்ணாடி பாட்டிலில் சரக்கு வாங்குகிறவர்களுக்கும் இவை பயன்படும். வாக்கு நூற்றுக்கு ஒன்று என்று யாராவது சொன்னால், ஆயிரம் எண்ண ஆளும் நேரமும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எல்லையைப் பில்லிலேயே எழுதி வாங்கிவிட்டு, விற்கிறபோது வருகிற கழிவை லோடு முழுவதும் எண்ணிவருவது நல்லது.